முயலுக்கு வாங்கிய கேரட்

நான் முயல் வளர்ப்பதாகச் சந்தைப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. எங்கள் வீட்டில் முயல் கிடையாது. வைக்க இடமும் கிடையாது. இருப்பது இரண்டு அறை. ஒன்றில் நான் இருக்கிறேன், இன்னொன்றில் என் மனைவியின் கோபம் இருக்கிறது. அவள் இரண்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறாள்.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வண்டி ஓட்டுகிறேன். காலையில் வீடு வீடாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவேன், சாயங்காலம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொட்டுவேன். நடுவில் வண்டியும் நானும் சுவரோரம் தூங்குவோம். பிள்ளைகளுக்கு நான் வண்டி மாமா. அதே காப்பகத்தில் சமையல் வேலை பார்த்த என் மனைவி சாப்பாட்டம்மா. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய சமையலறை கட்டடத்தின் பின்பக்கம். அதன் ஜன்னல் யார் செய்த தவறோ, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு அது மூக்கு உயரம். பத்து மணி ஆனால் கண்ணாடியில் வரிசையாக மூக்குகள் ஒட்டிக்கொள்ளும். அவள் உள்ளேயிருந்து அகப்பையை ஓங்குவாள், மூக்குகள் சிரித்துக்கொண்டு ஓடும், திரும்ப வரும். சாயங்காலம் அந்தத் தடங்களைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். "தினம் என்ன துடைக்கிறது, இருந்துட்டுப் போகட்டுமே" என்பேன். "துடைச்சாதானே நாளைக்கு எத்தனை புதுசுன்னு தெரியும்" என்பாள். வருகைப் பதிவை அவள் அப்படித்தான் எடுத்தாள்.

அந்தச் சமையலறையை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. இனி எல்லாக் காப்பகங்களுக்கும் ஒரே இடத்தில் சமைத்து, பெட்டியில் அடைத்து, வண்டியில் அனுப்பிவிடுவார்களாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. பக்கத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தோடு கை கோத்து, அங்கே விளைவதை வாங்கிச் சமைத்து, பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போய்ச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிற காப்பகம் தன் சமையலறையை வைத்துக்கொள்ளலாம். ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் காப்பகத்தின் பொறுப்பாளரை மேடம் என்போம். நல்ல மனுஷி, பயந்த மனுஷியும்கூட. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நல்லது எப்போதும் பயத்துக்கு எடுபிடியாகிவிடும். "தோட்டத்துக்கு நான் எங்க போவேன்?" என்று கையைப் பிசைந்தார்.

"என் தம்பி இருக்கான்" என்றாள் என் மனைவி.

அவள் தம்பி, அதாவது என் மச்சான், ஊர் எல்லையில் ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போடுகிறவன். கல் நிலம். "மச்சான், அங்கங்க கொஞ்சம் மண்ணும் கிடக்கும்போல இருக்கே" என்று ஒருமுறை கேட்டேன். "உங்க தலையில முடி கிடக்கிறதுக்கு அது எவ்வளவோ பரவால்ல மாமா" என்றான். அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றி நான் பேசுவதில்லை.

அவன் கேரட் போட்டான். மண்ணில் கல் இருந்தால் கேரட் நேராக இறங்காது. முட்டிக்கொண்டு இரண்டாகப் பிரிந்துவிடும். சந்தையில் அதை யாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகளை முதல்முறை நான் அங்கே ஏற்றிக்கொண்டு போனபோது, இலைக்கொத்தைப் பிடித்து இழுக்கச் சொன்னான் மச்சான்.

எங்கள் வண்டியில் நாலு வயதில் ஒருத்தி உண்டு. பட்டப்பெயர் வக்கீல். எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணை செய்வாள். அவள் இழுத்தாள். வரவில்லை. உட்கார்ந்து இழுத்தாள். வரவில்லை.

"தூங்குது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"கூப்பிட்டுப் பாரு" என்றான் மச்சான்.

அவள் மண்ணோடு வாயை வைத்து, "எழுந்திரு, சாப்பாட்டம்மா கூப்பிடுறாங்க" என்றாள். மச்சான் பக்கத்து மண்ணைக் காலால் நைசாக இளக்கிவிட்டான். கேரட் வந்தது. அவள் பின்னால் உருண்டாள். எழுந்து பார்த்தால் கையில் இருந்ததற்கு இரண்டு கால்.

"டவுசர் போட்டிருக்கு!"

அன்றிலிருந்து அது டவுசர் கேரட். அதுவரை கேரட் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த பிள்ளைகள், "எனக்கு இடது கால், எனக்கு வலது கால்" என்று அடித்துக்கொண்டார்கள். என் மனைவி கால் உடையாமல் நறுக்கக் கற்றுக்கொண்டாள். வீட்டில் எனக்கு ஒரு நாளும் அவ்வளவு பொறுமையாக எதையும் நறுக்கியதில்லை. கேட்டேன். "உங்களுக்குப் பல் முளைச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

இனி அதிகாரி வந்து பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. அவர் வருவதாகச் சொன்ன வாரம் வரவில்லை. வேறு நாள் சொன்னார்கள். அதுவும் போயிற்று. மச்சான் ஒரு பாத்தியைத் தொடாமல் அவருக்காகவே நிறுத்தி வைத்திருந்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முற்றி நிற்கிற கேரட் மழையைக் குடித்தால் வெடித்துப் போகும். ஒன்றிரண்டு வெடிக்கவும் ஆரம்பித்தன.

என் மனைவி அக்கா முறையைக் காட்டிவிட்டாள். "பிடுங்குடா எல்லாத்தையும். பசிக்கிறது பிள்ளைக்கு. அந்த மனுஷன் பார்க்கிறதுக்காக இது மண்ணுக்குள்ள கிடந்து அழுகணுமா?"

"அவர் வந்தா என்னத்தக்கா காட்டுவ?"

"பிள்ளைங்க கன்னத்தைக் காட்டுவேன்."

பிடுங்கினார்கள். பிள்ளைகள் தின்றார்கள். கடைசிக் கேரட்டின் வலது காலை வக்கீல் தின்றாள். அடுத்த விதைப்பு முளைத்து நூல் மாதிரி வேரோடு நின்றது. மிச்சப் பாத்திகள் மொட்டையாக என் தலையைப் பார்த்துச் சிரித்தன.

அப்போது அதிகாரி நாளை மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது.

சமையலறையில் நாலு பேர் கூடினோம். மேடம் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிகழ்ச்சியில் முக்கியமான அம்சமே பிள்ளைகள் தங்கள் கையால் பிடுங்குவதுதான், அதை மேலே சொல்லியும் ஆகிவிட்டது என்றார்.

"உள்ளதைச் சொல்லிடலாம் மேடம்" என்றான் மச்சான். "விளைஞ்சது, பிள்ளைங்க சாப்டுட்டாங்கன்னு. அதுக்குத்தானே இந்தத் திட்டமே?"

"சாப்பிட்டதை எப்படிப்பா காட்டுறது?"

நல்ல கேள்விதான். ஊர்ப்பட்ட திட்டங்கள் அந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொண்டு இரண்டாகப் பிரிகின்றன.

"வெளியில வாங்கி நட்டுடலாம்" என்றார் மேடம், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "ஒரு நாளைக்குத்தான்."

"என் மண்ணுல அடுத்தவன் கேரட்டா?" மச்சான் எழுந்துவிட்டான். "மாமா, நீங்களாவது சொல்லுங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத் தூக்கத்துக்கு டிமிக்கி கொடுத்த ஒரு மூக்கு அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றாள், "இந்த ஒரு தடவை எனக்காக."

அவள் அவனிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதட்டித்தான் பழக்கம். அவன் உட்கார்ந்துவிட்டான்.

வாங்கி வரும் பொறுப்பு வண்டி வைத்திருப்பவனுக்கு. சந்தையில் கேரட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் இலை வெட்டிய கேரட். இலை இல்லாமல் எதைப் பிடித்து இழுப்பது? கடைசியில் குளிர்கிடங்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரியிடம் மட்டும் ஒரு கூடை இலையோடு இருந்தது. அவரை ஊரே ஐஸ் என்று கூப்பிடும். கிடங்கு ஒரு காரணம். பெரிய மனிதர்களைப் பேச்சிலேயே குளிப்பாட்டிவிடுவார், அது இன்னொரு காரணம்.

"சாப்பாட்டம்மா வீட்டுக்காரரா? இலையோட எதுக்கு?"

பொய் சொல்வதற்கு முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போக வேண்டும் என்பது எனக்கு எப்போதும் போன பிறகுதான் தோன்றும்.

"முயல் வளர்க்கிறேன்" என்றேன்.

"எத்தனை?"

"இப்ப கொஞ்சம்தான். சீக்கிரம் பெருகிடும்ல."

"பெருகும், பெருகும்" என்று அவரே கூடையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம், பிள்ளைகளை இறக்கிவிட்டு, நானும் என் மனைவியும் மொட்டைப் பாத்தியில் கேரட் நட்டோம். நான் குச்சியால் துளை போடுவேன், அவள் கேரட்டை இறக்கி மண்ணை அணைப்பாள். எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன், சோப்புப் போட்டுக் குளித்த மாதிரி மினுமினுப்பு. மச்சான் வரப்பில் முதுகைக் காட்டி நின்றான். நான் சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று, "மச்சான், இதுங்களுக்கெல்லாம் டவுசர் எங்கே?" என்றேன். அவன் திரும்பவில்லை. என் மனைவி மண் கையோடு என் முழங்கையில் ஒன்று வைத்தாள். லேசாகவில்லை.

அதிகாரி வந்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாதுவான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினார். பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் பின்னாலேயே இன்னொருவர் வண்டியிலிருந்து இறங்கினார். ஐஸ்.

பெட்டிச் சாப்பாட்டுக்கு எல்லா இடத்துக்கும் காய்கறி கொடுக்கப்போகிறவர் அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி எங்கே போனாலும் இவரும் கூடவே போய் வருகிறாராம். அவர் பாத்தியைப் பார்த்தார். மினுமினுப்பைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"முயலெல்லாம் சௌக்கியமா?" என்று மெல்லக் கேட்டார்.

முயல் கதையை மேடத்திடம் முன்பே சொல்லியிருந்தேன். இது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தால் முயல் அவர்தானோ என்று தோன்றியிருக்கும்.

பிள்ளைகள் பாத்தியில் பாய்ந்தார்கள். வக்கீல் இலையைப் பிடித்தாள். மண்ணோடு வாயை வைத்து, "எழுந்திரு" என்று ஆரம்பிப்பதற்குள் கேரட் கையில் வந்துவிட்டது. அவள் இன்னொன்றைப் பிடித்தாள். அதுவும் சொல்லாமலே வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது தூங்கவே இல்ல" என்றாள் சத்தமாக. "இதை யாரோ வெச்சிருக்காங்க."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி குனிந்து அவள் தலையைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. "ஆமாம்மா. கடவுள் வெச்சிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். கடவுள், அழுக்குச் சட்டையோடு வண்டியில் சாய்ந்து நின்று, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதவி எனக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. திரும்பக் கேட்கமாட்டேன்.

அதிகாரி ஒரு கேரட்டைக் கழுவிக் கடித்தார். "என்ன ருசி! எவ்வளவு நேரா, ஒரே அளவா! இதை எல்லாக் காப்பகத்துப் பிள்ளைங்களும் சாப்பிடணும்." மச்சான் பக்கம் திரும்பினார். "தம்பி, இதே மாதிரி, இதே அளவுல, வருஷம் முழுக்க உங்களால தர முடியுமா?"

எங்கள் சமையலறை அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. முடியும் என்று அவன் சொல்லியிருக்கலாம். மேடம் தலையை மேலும் கீழும் ஆட்டிக்காட்டினார். மச்சான் தன் அக்காவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர, இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

"இந்தக் கேரட்டை என்னால தர முடியாது சார்" என்றான்.

"நேர்மையான மனுஷன்" என்றார் அதிகாரி வருத்தமாக.

"நான் தர்றேன் சார்" என்று முன்னால் வந்தார் ஐஸ். "இதே கேரட். மயிரிழை மாறாது. எழுதி வேணாலும் தர்றேன்."

அன்று அந்தத் தோட்டத்தில் மூன்று பேர் உண்மை பேசினார்கள்: மச்சான், ஐஸ், வக்கீல். மூவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிறுத்தி, அத்தனை உண்மையையும் எங்களுக்கு எதிராகவே திருப்பிய பெருமை எங்கள் குடும்பத்தையே சேரும்.

வண்டிகள் போன பிறகு மச்சான் மிச்சமிருந்த கேரட்டைப் பாத்தியிலிருந்து ஒன்று விடாமல் பிடுங்கிக் கூடையில் போட்டு, என் வண்டியில் கொண்டுவந்து வைத்தான்.

"இது எதுக்கு மச்சான்?"

"உங்க முயலுக்கு" என்றான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவன் அக்காவிடம் அதுகூடப் பேசவில்லை.

தோட்டத்துக்கு வழங்கும் திறன் இல்லை என்றும், ஆகவே விலக்குக் கிடையாது என்றும் முடிவு வந்தது. சமையலறையைப் பூட்டினார்கள். பாத்திரங்கள் உள்ளேயே கவிழ்ந்து கிடக்கின்றன. பெட்டிகளை, இப்போது சமையலும் நடக்கிற ஐஸின் கிடங்கிலிருந்து தினமும் எடுத்துவர ஒரு வண்டி வேண்டுமே? காலையில் பிள்ளைகளை இறக்கியதும் எங்கள் வண்டி சும்மாதானே நிற்கிறது? அந்த வேலை எனக்கு வந்தது. நான் இப்போது என் மனைவியின் சமையலறையை மூடிய சாப்பாட்டைச் சுடச்சுடக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறேன். அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை, மேடம் நல்லவர். பெட்டி மூடிகளைத் திறந்து கொடுப்பது அவள் வேலை.

"கத்தி பிடிக்கவே மறந்துபோச்சு" என்றாள் ஒரு நாள். "உங்களைப் பார்த்தா மட்டும் ஞாபகம் வருது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜன்னலை அவள் இன்னும் துடைக்கிறாள். துடைக்க அதில் எதுவும் இல்லை. பூட்டிய அறைக்குள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்?

பெட்டியின் மூடி அட்டையால் ஆனது. அதில் பச்சை வயல் ஒன்று வரைந்திருக்கிறது. வயலில் ஒரு முயல், இலையோடு ஒரு கேரட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறது. அதன் வாயருகே, ‘உங்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து!’ என்று எழுதியிருக்கிறது. முதல் நாள் கிடங்கில் அதை என் கையில் கொடுத்தபோது ஐஸ் கண்ணடித்தார். என் தோளில் அன்பாக ஒரு தட்டு. உள்ளபடி பார்த்தால் நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள். கண்கள் கொஞ்சம் என்னைப்போல.

மச்சானின் நூல் கேரட்டெல்லாம் இப்போது முற்றியிருக்கும். தோட்டப் பக்கம் நான் போவதில்லை. போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாக்குப் பை கிடந்தது. திறந்தால் எல்லாம் டவுசர் கேரட். வைத்தவன் கதவைத் தட்டவில்லை. என் மனைவி அதை மடியில் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மண்ணைத் துடைத்தாள். பிறகு கால் உடையாமல் நறுக்க ஆரம்பித்தாள், எங்கள் இரண்டு பேருக்கு.

நேற்று மத்தியானம் பெட்டிகளை இறக்கிவிட்டுச் சுவரோரம் வண்டியில் கண் அயர்ந்திருந்தேன். ஏதோ சுரண்டும் சத்தம். எட்டிப் பார்த்தால் பூட்டிய சமையலறை ஜன்னலுக்குக் கீழே வக்கீல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தூங்கும் நேரம், டிமிக்கி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரு குச்சியால் மண்ணில் துளை போடுகிறாள். அட்டை மூடியில், வேகவைத்து ஒரே அளவாகச் சதுரம் சதுரமாக வெட்டிய கேரட் துண்டுகள். சாப்பிடாமல் ஒளித்து எடுத்துவந்திருக்கிறாள். ஒவ்வொரு துளையிலும் ஒரு துண்டை இறக்கி, மண்ணை அணைத்து, விரலால் அழுத்தினாள். நானும் என் மனைவியும் செய்த அதே மாதிரி.

"என்ன வக்கீலம்மா பண்றீங்க?"

"கேரட் வெக்கிறேன்."

"வெந்த கேரட் முளைக்காதேம்மா."

"முளைக்க வேணாம். வெச்சா போதும். நாளைக்கு இழுத்தா வரும்."

"யார் சொன்னா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை. "அன்னிக்கு வந்துச்சுல்ல?"

தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடம். அவள் மறக்காமல் படித்திருக்கிறாள். உள்ளே கூடத்தில் என் மனைவி காலிப் பெட்டிகளின் மூடிகளைக் கிழிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

வக்கீல் தன் புட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைத் துளைகளின்மேல் சாய்த்தாள். முயல் மூடியை மண்ணில் குத்திப் பலகைபோல நிறுத்தினாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு முகம் சுளித்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"வண்டி மாமா, வண்டியை எடுங்க. வெயிலை மறைக்குது."

எடுத்தேன்.